பரிசுத்த தேசமா, பவுலின் வழியா? பெங்களூரிலிருந்து வேதாகமப் பயணம் போகிறவர்களுக்கு

ஞாயிறு தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எங்கள் சபையின் அறிவிப்புப் பலகையில் இப்போது மூன்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஒன்றில் எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான். இன்னொன்றில் ஜோர்டான் மட்டும். மூன்றாவதில் வெளிப்படுத்தலில் வரும் ஏழு சபைகளும் பவுலின் ஊழியப் பாதையும், அதாவது துருக்கியும் கிரேக்கமும். அதன் கீழே நின்று டீ குடிக்கிற யாராவது என்னைப் பிடித்துக்கொள்வார்: "தம்பி, நீங்க போயிட்டு வந்தவங்க. நாங்க எதுல பேர் கொடுக்கலாம்?"

போன மாதம் மூன்று வீட்டார் கேட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயாவும் அவர் மனைவியும். முழங்கால் ஆபரேஷன் செய்து எட்டு மாதமான ஒரு அக்கா. கல்யாணமாகி இரண்டு வருஷமான ஒரு ஜோடி. மூன்று வீட்டுக்கும் வேறு வேறு பதில் சொன்னேன். அதை விவரமாக இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்தது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரியில் அப்பா அம்மாவோடு மூன்று நாட்டுச் சுற்று போனேன். 2022 அக்டோபரில் மனைவியோடு துருக்கியும் கிரேக்கமும். 2024 நவம்பரில் அம்மாவும் அக்காவும் ஜோர்டான் மட்டும் போய் வந்தார்கள். பலகையில் இல்லாத நாலாவது வழி ஒன்று உண்டு, எருசலேம், கலிலேயா மட்டும். அதில் நான் போனதில்லை. சபையில் ஒரு நண்பர் குடும்பம் 2018ல் அப்படிப் போனது, திட்டம் போடும்போது நானும் அவர்களோடு உட்கார்ந்தேன்.

## முதலில் எதைப் பார்ப்பது

எல்லோரும் முதலில் கேட்பது விலை. நான் அதை நாலாவதாக வைப்பேன்.

முதல் கேள்வி, வேதத்தில் எந்தப் பகுதி உங்கள் மனதில் அதிகம் ஓடுகிறது? தினமும் சங்கீதமும் சுவிசேஷமும் படிக்கிறவருக்கு எபேசுவின் தூண்கள் வெறும் கல்லாகத் தெரியலாம். நிருபங்களிலேயே வாழ்கிற ஒருவருக்கு அதே தூண்களைப் பார்த்துக் கண் கலங்கும். வீட்டில் உட்கார்ந்து நேர்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

இரண்டாவது, முழங்கால். குழுவில் மெதுவாக நடக்கிறவர் யாரோ, அவருடைய வேகம்தான் உங்கள் பயணத்தின் வேகம்.

மூன்றாவது, ஒரு இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடியும். இதை யாரும் கேட்பதில்லை. எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நோட்டீஸில் ஒரே நாளுக்கு ஏழு இடம் போட்டிருந்தால், பஸ் நேரமும் சாப்பாடும் கழிந்து ஒரு இடத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் மிஞ்சும். கழிப்பறை வரிசை அதற்குள் அடக்கம். அங்கே ஒரு அதிகாரம் வாசிக்கக்கூட முடியாது.

அப்புறம் பணம். கடைசியாக, பாதை மூடினால் என்ன ஆகும் என்பது. 2023 அக்டோபர் 7க்குப் பிறகு எத்தனையோ குழுக்கள் முன்பணம் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தன. 2025 ஜூனில் இஸ்ரேல் வான்வழி மூடியபோது, அங்கே மாட்டியிருந்த இந்தியர்களைத் தரைவழியாக ஜோர்டானுக்கும் எகிப்துக்கும் கொண்டுவந்து அரசு விமானத்தில் ஏற்றியது. அதனால் பணம் திரும்ப வரும் விதி எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பலரும் கேட்கிற இன்னொன்று, தமிழ்நாடு அரசு எருசலேம் பயணத்துக்குக் கொடுக்கும் மானியம் நமக்குக் கிடைக்குமா என்பது. அது தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு. ரேஷன் கார்டும் ஆதார் முகவரியும் பெங்களூரில் இருந்தால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

## மூன்று நாட்டுச் சுற்று: எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான்

நம் ஊரில் அதிகம் விற்பது இதுதான். 10 அல்லது 11 நாள். ஒரே டிக்கெட்டில் யாத்திராகமம் முதல் உயிர்த்தெழுதல் வரை பார்த்துவிடலாம் என்ற ஆசை நியாயமானது. வாழ்நாளில் ஒரு முறைதான் போக முடியும் என்கிற குடும்பங்களுக்கு இதில் பெரிய நிறைவு உண்டு. விசா வேலையையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் குழு விசாவில் போனால் குழுவோடுதான் நுழைய வேண்டும், குழுவோடுதான் வெளியே வர வேண்டும்.

கஷ்டம் எங்கே என்றால் பஸ்ஸில். கெய்ரோவிலிருந்து சீனாய் மலை அடிவாரத்துக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம். அன்று இரவு ஒரு மணிக்கு எழுப்பி மலையேற விடுவார்கள். சீனாய் 2285 மீட்டர். ஒட்டகப் பாதை முடிந்த பிறகும் ஏறக்குறைய 750 கல் படிகள் இருக்கின்றன. பிப்ரவரியில் விரல் மரத்துப்போகும் குளிர். நான் ஏறினேன், சூரியன் உதித்தபோது யாரும் பேசவில்லை, அந்த அமைதியை மறக்க மாட்டேன். அம்மா அடிவாரத்தில் அறையிலேயே இருந்தார். மறுநாள் தாபா எல்லையில் பெட்டியை இழுத்துக்கொண்டு சில மணி நேரம் நின்றோம். அப்படி இஸ்ரேலுக்குள் நுழையும்போதே பாதிப் பேர் களைத்துவிட்டார்கள்.

அந்தக் களைப்போடு கலிலேயாவுக்குப் போனோம். தப்கா என்ற இடத்தில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு சின்னக் கருங்கல் ஆலயம். உயிர்த்த ஆண்டவர் கரிநெருப்பில் மீன் சுட்டு வைத்து, இரவெல்லாம் ஒன்றும் அகப்படாமல் வந்த சீஷர்களைச் சாப்பிட அழைத்த இடம் என்று காட்டுகிறார்கள். கரையில் கூழாங்கல், தண்ணீர் அதன்மேல் மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. யோவான் 21ஐ அங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று நான் வீட்டிலிருந்தே நினைத்து வந்தவன். பத்தாவது வசனத்தில் இருந்தபோது கைடு விசில் ஊதினார். அன்று மதியம் எங்களை அழைத்துப்போன நிறுவனம் ஒரு வைரக் கடையில் ஐம்பது நிமிடம் நிறுத்தியது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

இதே சுற்றில்தான் என் வாழ்க்கையின் பெரிய பாக்கியமும் கிடைத்தது. அப்பா கேஜிஎஃப் சுரங்கத்தில் முப்பது வருஷம் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். எருசலேமில் கடைசி நாள் மதியம் எல்லோரும் ஒலிவ மரப் பொம்மை வாங்கப் போனபோது, குழுத் தலைவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நானும் அப்பாவும் எசேக்கியா ராஜாவின் சுரங்கத்துக்குப் போனோம். அசீரியர் முற்றுகைக்குப் பயந்து, ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவர ராஜா வெட்டியது. 533 மீட்டர் நீளம். முழங்காலளவு தண்ணீர், சில இடத்தில் தொடை வரை. டார்ச் வெளிச்சம் மட்டும்தான்.

இரண்டு பக்கமிருந்தும் இரண்டு குழு குடைந்து வந்து நடுவில் சந்தித்தார்கள். அந்த இடத்தில் உளி அடித்த தடம் திசை மாறும். கைடு இல்லாமலே அப்பா அதைக் கையால் தடவிக் கண்டுபிடித்தார். "இங்கதான்டா. இந்தப் பக்கம் அடிச்சவன் கை இது, அது அவன் கை." கொஞ்ச நேரம் நின்றார். "எதிர்ப்பக்கத்துக்காரன் அடிக்கிற சத்தம் காதுல விழுந்துச்சுன்னா, அன்னிக்கு ஷிப்டே வேற மாதிரி இருக்கும்." 1880ல் அந்தச் சுவரில் கண்டெடுத்த கல்வெட்டும் இதையே சொல்கிறது, பாறைக்கு அப்புறமிருந்து ஒருவரை ஒருவர் கூப்பிடும் குரல் கேட்டது என்று. அந்தக் கல் இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுரங்கம் சீலோவாம் குளத்துப் பக்கம் வெளியே வருகிறது. பிறவிக் குருடன் கழுவிப் பார்வை பெற்ற குளம். அப்பாவுக்கு அந்த வருஷம்தான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்தத் தண்ணீரில் கையை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நோட்டீஸில் அந்த இடம் இல்லவே இல்லை. நீங்கள் இந்தச் சுற்றைத் தேர்ந்தெடுத்தால், எருசலேமில் ஒரு மதியமாவது காலியாக விடச் சொல்லி முன்பே எழுதி வாங்குங்கள்.

நாங்கள் 2019ல் ஆளுக்கு 1,18,000 ரூபாய் கட்டினோம். டிப்ஸ், எல்லைக் கட்டணம், ஒட்டகம், தண்ணீர் பாட்டில் என்று மேலே ஆளுக்குப் பதினான்காயிரம் போனது. இப்போது விலை கூடியிருக்கும். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரித் தொகையும் பிடிப்பார்கள். வருமான வரி தாக்கல் செய்யும்போது அதைக் கணக்கில் காட்டலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

## எருசலேமும் கலிலேயாவும் மட்டும்

எல்லை தாண்டுவதும் சீனாயும் இல்லாமல் 8 அல்லது 9 நாள். எருசலேமில் நாலு இரவு, கலிலேயாக் கரையில் மூன்று இரவு. நண்பர் குடும்பம் பழைய நகரத்துக்குள் கன்னியர் நடத்தும் ஒரு விருந்தினர் இல்லத்தில் தங்கியது. விடியற்காலையில் எழுந்து, இயேசுவைச் சிலுவையில் அறைந்து அடக்கம் பண்ணின இடமாகக் காட்டும் கல்லறை ஆலயத்துக்கு நடந்தே போனார்கள். பஸ் குழுக்கள் வந்து சேருமுன், அந்த நேரத்தில் அங்கே மெழுகுவர்த்தி வாசனையும் ஜெபிக்கிற சில பேரும்தான். அதே இடத்தில் நாங்கள் பகலில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம். அதற்குள்ளேயே, சிலுவை நின்ற கொல்கொதாவுக்கு ஏறும் ஒடுங்கின, செங்குத்தான படியில் அம்மாவை இரண்டு பேர் பிடித்து ஏற்றினோம்.

நம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் பலருக்கு, இயேசுவின் கல்லறை இதுதான் என்று சிலர் நம்பும் 'கார்டன் டூம்' என்ற கல்லறைத் தோட்டம்தான் மனதுக்கு நெருக்கம். மரம், மௌனம், திருவிருந்து நடத்த இடம், முன்கூட்டிச் சொன்னால் நேரம் ஒதுக்குவார்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறை ஆலயத்திலேயே திருப்பலிக்கு நேரம் வாங்கப் பார்ப்பார்கள், அதையும் பல வாரம் முன்பே கேட்க வேண்டும். இரண்டையும் பாருங்கள் என்பேன். ஒலிவ மலையில் கர்த்தருடைய ஜெபம் பல மொழிகளில் ஓடுகளில் பதித்த ஆலயத்தில் தமிழும் இருக்கிறது. அம்மா அதன் முன் நின்று சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் நின்ற வேறு நாட்டுக்காரர்களும் அவரவர் மொழியில் சேர்ந்துகொண்டார்கள்.

கப்பர்நகூமில் பேதுருவின் வீடு என்று காட்டும் இடத்தைச் சுற்றிக் கறுப்புக் கல் வீடுகளின் அடித்தளம் தெரியும். அறைகள் அவ்வளவு சின்னவை. அல்சூர் சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கினார்கள் என்ற சம்பவம் அங்கேதான் புரிந்தது. வாசலில் பத்துப் பேர் நின்றாலே உள்ளே போக வழியில்லை.

இந்த வழியின் கண்ணில் படாத செலவு தங்குமிடமும் சாப்பாடும். இஸ்ரேலில் விலைவாசி அதிகம், நாளொன்றுக்குக் குழுவில் போவதைவிடக் கூடவே ஆகும். விசாவை முன்கூட்டி நீங்களே வாங்க வேண்டும். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள், பெரும்பாலான பஸ் ஓடாது, அதற்கேற்ப ஊர் மாற வேண்டும். பெத்லகேம் பாலஸ்தீனப் பகுதியில் இருக்கிறது, சோதனைச் சாவடி தாண்டிப் போக வேண்டும், பாஸ்போர்ட்டைக் கையிலேயே வையுங்கள். போர்ச் சூழலில் முதலில் அடிபடுவதும் இந்த வழிதான், மாற்று நாடு எதுவும் திட்டத்தில் இல்லாததால்.

## ஜோர்டான் மட்டும்

இதைப் பலர் இரண்டாந்தரம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

நேபோ மலை, மாதபா, யோவான் ஸ்நானகன் ஞானஸ்நானம் கொடுத்த யோர்தானின் கிழக்குக் கரை, அவர் சிறைப்பட்டு மாண்டதாகச் சொல்லப்படும் மக்கேருஸ் கோட்டை. அம்மானில் ஒரே அறை எடுத்துத் தங்கிப் பெரும்பாலும் பகலிலேயே போய்த் திரும்பலாம். பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலை இல்லை. ஐந்தாறு நாள் போதும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விமான நிலையத்திலேயே விசா. புறப்படுமுன் ஜோர்டான் பாஸ் வாங்கி மூன்று இரவாவது தங்கினால் விசாக் கட்டணம் கிடையாது, பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவின் நுழைவும் அதிலேயே அடங்கும். பெட்ரா அழகுதான். ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு அது வேண்டாம்.

மாதபாவில் புனித ஜார்ஜ் ஆலயத் தரையில் ஆறாம் நூற்றாண்டு வரைபடம் ஒன்று இருக்கிறது, வண்ணக் கல் துண்டுகளால் ஆனது. அதில் யோர்தான் நதியில் மீன்கள் நீந்துகின்றன. சவக்கடல் வாயருகே ஒரு மீன் மட்டும் திரும்பி மேலே போகிறது, உப்புக்குப் பயந்து. அம்மா அந்த மீனைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார், கீழே ஒன்றும் எழுதவில்லை.

நேபோவில் பாதை ஓரளவு சமதளம். கர்த்தர் மோசேக்குத் தேசத்தைக் காட்டி, நீ அங்கே போவதில்லை என்று சொன்ன இடம். தெளிந்த நாளில் எரிகோ தெரியும், எருசலேமும் தெரியும் என்பார்கள். அன்று தூசி மங்கல், சவக்கடல் மட்டும் வெள்ளிக் கோடு போல் தெரிந்ததாம். அப்பா 2021ல் எங்களை விட்டுப் போனார். அங்கே நின்று அம்மா அக்காவிடம் சொன்னது: "மோசேக்குக் கண்ணால பார்க்க மட்டும் கொடுத்தார். எங்க ரெண்டு பேருக்கும் நடந்து பார்க்கவே கொடுத்தாரே."

குறை என்றால், பெத்லகேமும் எருசலேமும் இல்லை. அது இல்லாமல் மனம் ஆறாது என்கிறவர்கள் இதை எடுக்க வேண்டாம். பொதுப் போக்குவரத்து வயதானவர்களுக்கு ஒத்துவராது, ஓட்டுநரோடு தனி வண்டி வைக்க வேண்டும், செலவு அதில்தான். நாலு பேர் சேர்ந்தால் தாங்கும்.

## பவுலின் வழி: துருக்கியும் கிரேக்கமும்

அப்போஸ்தலர் நடபடிகளைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டிய வழி. எபேசுவில் தட்டான்கள் கலகம் பண்ணின அரங்கம், பிலிப்பியில் லீதியாள் ஞானஸ்நானம் பெற்ற ஆற்றங்கரை, கொரிந்துவில் கல்லியோனுக்கு முன் பவுல் நின்ற நியாயாசனம், அத்தேனேயில் பவுல் பேசின மார்ஸ் மேடை. எல்லாம் பெரிய பெரிய இடிபாடுகள், நிழல் குறைவு, பளிங்குக் கல் தேய்ந்து வழுக்கும். தூரமும் அதிகம், 12 நாளாவது வேண்டும்.

எனக்கு மறக்காதது லவோதிக்கேயா, வெளிப்படுத்தலில் 'குளிருமல்ல, அனலுமல்ல' என்று ஆண்டவர் கண்டித்த சபை இருந்த ஊர். அங்கே பழைய தண்ணீர்க் குழாய்கள் கிடக்கின்றன. உட்பக்கம் பூராவும் சுண்ணாம்பு படிந்து, துளை இரண்டு விரல் அளவுக்குச் சுருங்கிப்போயிருக்கிறது. நம் வீட்டு போர்வெல் தண்ணீர் கீசரைக் கெடுக்குமே, அதே மாதிரி. சில கிலோமீட்டர் தள்ளி ஒரு பக்கம் எராப்போலியில் வியாதியஸ்தர் குளிக்கும் வெந்நீர் ஊற்று, இன்னொரு பக்கம் கொலோசெயில் குடிக்கக் குளிர்ந்த நீர். இந்த ஊருக்கு வந்து சேர்ந்த தண்ணீர் இரண்டுக்கும் உதவாது என்பார்கள். ஞாயிறு பள்ளியில் அனலாயிரு, குளிராதே என்றுதான் படித்தேன். அங்கே நின்றபோது வேறு மாதிரி பட்டது. குளிரும் உபயோகம்தான், அனலும் உபயோகம்தான். யாருக்கும் பயன்படாமல் இருப்பதைத்தான் ஆண்டவர் அந்தச் சபையிடம் கண்டித்தார். வந்ததிலிருந்து ஜெபத்தில் நான் கேட்பது மாறிவிட்டது.

இங்கே இரண்டு விசா. கிரேக்கத்துக்கு ஷெங்கன் விசா முதலில் வாங்குங்கள், அது கையில் இருந்தால் துருக்கிக்கு ஆன்லைனிலேயே எடுக்கலாம். கோடை விடுமுறைக்குப் போக நினைத்தால் விசா நேரம் கிடைப்பதே பாடு. 2025 மே மாதத்துக்குப் பிறகு நம் நாட்டு நிறுவனங்கள் பல துருக்கிப் பயணத்தை நிறுத்திவிட்டன. அப்படியானால் கிரேக்கத்தை மட்டும் 7 நாளில் பார்க்கலாம், பிலிப்பி, தெசலோனிக்கே, பெரோயா, அத்தேனே, கொரிந்து. யோவான் தரிசனம் கண்ட பத்மு தீவுக்கும் ஆசை இருந்தால் படகுக்கென்று இரண்டு நாள் தனியாக வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | மூன்று நாடு | எருசலேம், கலிலேயா | ஜோர்டான் | பவுலின் வழி |
|---|---|---|---|---|
| நாள் | 10–11 | 8–9 | 5–6 | 12 |
| வேதப் பகுதி | யாத்திராகமம், சுவிசேஷம் | சுவிசேஷம், சங்கீதம் | உபாகமம், யோவான் ஸ்நானகன் | அப்போஸ்தலர், நிருபம், வெளிப்படுத்தல் |
| நடை | கடினம் | படிகள் அதிகம் | பெட்ரா, மக்கேருஸ் தவிர சுலபம் | கடினம் |
| உட்கார நேரம் | மிகக் குறைவு | நிறைய | நிறைய | நடுத்தரம் |
| விசா | நிறுவனம் பார்க்கும் | நாமே, முன்கூட்டி | இறங்கியதும் | இரண்டு |
| தெரியாத செலவு | டிப்ஸ், எல்லை, கடை நிறுத்தம் | தங்குமிடம், சாப்பாடு | தனி வண்டி | படகு, நாட்டுக்குள் விமானம் |

## கேட்டவர்களுக்கு நான் சொன்னது

ஓய்வு பெற்ற ஐயாவுக்கு மூன்று நாட்டுச் சுற்றுதான் என்றேன். இருவரும் நன்றாக நடக்கிறார்கள், இன்னொரு முறை போக வசதிப்படாது, கூட்டத்தோடு பாடிக்கொண்டு போவது அவர்களுக்குப் பிடிக்கும். சீனாய் ஏறுவது கட்டாயமா, கடை நிறுத்தம் எத்தனை, கூட வரும் ஐயர் (போதகர்) யார், போர் வந்தால் பணம் எப்படித் திரும்பும் என்ற நாலு கேள்வியையும் எழுதிக் கொடுத்தேன். பணம் கட்டுமுன் கேட்டுவிட்டார். கடை நிறுத்தத்துக்கு மட்டும் நேரான பதில் வரவில்லை, அதனால் வேறு நிறுவனம் பார்க்கிறார்.

அந்த ஜோடியில் பெண் வேதபாடம் நடத்துகிறவள், ரோமர் நிருபத்தை மனப்பாடமாகச் சொல்வாள். அவர்களைக் கிரேக்கத்துக்குப் போகச் சொன்னேன். கணவன் கொரிந்துத் தெருவில், ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் வரும் எரஸ்து என்ற பெயர் வெட்டின தளக்கல்லை இப்போதே மேப்பில் குறித்து வைத்திருக்கிறான்.

அக்காவுக்கு ஜோர்டான் என்றேன். "எருசலேம் பார்க்காமலா தம்பி?" என்று முகம் வாடினார். இந்த நவம்பரில் நேபோவுக்கும் ஆற்றங்கரைக்கும் போய் வாருங்கள், கால் பலப்பட்ட பிறகு எருசலேமில் நாலு இரவு மட்டும் தனியாகப் போகலாம், நானே கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் அம்மாவும் பேர் கொடுத்துவிட்டார்.